தாயின் தட்டும் தொட்டிற் குழந்தையும்

பிள்ளை பெற்ற வீட்டிற்குச் சென்று வருவோரிடம் நாம் முதலிற் கேட்பது, "குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதா?" என்பதே. பிள்ளை பெறப்போகும் பெண்ணிடம் நாம் சொல்வதோ வேறு. "அளவாகச் சாப்பிடம்மா, பிள்ளை வயிற்றிலேயே பெரிதாகிவிட்டால் பேறுகாலம் கடினமாகிவிடும்" என்கிறோம். இரண்டும் அன்பிற் பிறந்த சொற்கள்; பாட்டிமார் வழியாக நமக்கு வந்தவை. கருவில் இருக்கும்போது சிறிதாக இருக்கட்டும், தொட்டிலுக்கு வந்தபின் பெருக்கட்டும் என்பதே அவற்றின் திரண்ட கருத்து.

இவ்விரண்டும் ஒரே குழந்தையின் வாழ்வில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தால் விளைவது யாது? அக்குழந்தை வளர்ந்து நாற்பது வயதை எட்டும்போது, பருத்த வயிறும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதனைப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு மிகுகிறது என்று கடந்த ஐம்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி கூறுகிறது. கருவிற் குறைத்துத் தொட்டிலில் நிறைப்பது தலைகீழான முறை. தாயின் தட்டில் நிறைத்துத் தொட்டிலில் அளவு காப்பதே நேரான முறை. நம் குடும்பங்களுக்கு இச்செய்தி பிறரைக் காட்டிலும் மிகுதியாகப் பொருந்துவதால் இங்கே சிறிது விரித்துரைக்கலாம்.

எல்லைப்புறத்துக் குடும்பங்கள்

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலைத் தோட்டங்களையும் ஏலத்தோட்டங்களையும் நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, மூன்று நான்கு தலைமுறைகளாக அங்கே நிலைத்தவை. கம்பம், போடி, தேவாரம் பக்கங்களிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்களும் பலர். பாலக்காட்டுப் பக்கத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையாறு முதலிய ஊர்களில் வயலையும் தென்னந்தோப்பையும் ஆலையையும் சார்ந்து தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன.

மலையேறிச் சென்ற முதல் தலைமுறைப் பெண்கள் முதுகிற் கூடை சுமந்து, அரைவயிற்றுக் கஞ்சியோடு சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்கள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் பலருக்கு அந்த அரைவயிற்றுக் கஞ்சிதான் கிடைத்தது. இன்றோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் வழியில் பேக்கரி இருக்கிறது. லயத்து வீட்டிலும் பிஸ்கட்டும் மிக்ஸரும் குளிர்பானமும் நுழைந்துவிட்டன. நடை குறைந்தது, மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்தன.

இதன் விளைவை அரசின் கணக்கே காட்டுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40.4, கேரளத்தில் 38.1. அதே ஆய்வில், கருவுற்ற பெண்களுள் இரத்தசோகை உடையவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48.3, கேரளத்தில் 31.4. பருமனும் பற்றாக்குறையும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இவை ஒன்றற்கொன்று பகையானவை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்குத் தாயாகவும் இருக்கக்கூடும்.

பழைய பதிவேடுகள்

இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்னும் மாவட்டத்தில், 1911ஆம் ஆண்டு முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற அம்மையாரின் மேற்பார்வையிலிருந்த செவிலியர்கள் வீடுவீடாகச் சென்று, ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் ஓராண்டு நிறைவில் உள்ள எடையையும் ஏட்டிற் குறித்து வந்தார்கள். பல்லாண்டு கழித்து அவ்வேடுகள் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ அறிஞரின் பார்வைக்கு வந்தன. 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வை அவரும் தோழர்களும் தேடி ஆராய்ந்தார்கள். ஓராண்டு நிறைவில் எடை குறைந்திருந்தவர்களே பிற்காலத்தில் இதயநோயால் மிகுதியாக மாண்டனர் என்பதை 1989ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இதயநோய் செல்வர் வீட்டு நோய் என்ற எண்ணத்தை அம்முடிவு அசைத்தது.

உடற்பருமனைப் பற்றிய சான்று அதற்கு முன்பே ஹாலந்திலிருந்து வந்தது. 1944ஆம் ஆண்டு இறுதியில், ஜெர்மானியப் படையின் தடையால் அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாமற் போயிற்று. 1945 மே மாதம் விடுதலை கிடைக்கும்வரை நீடித்த அப்பஞ்சத்தில், ஓர் ஆளுக்கு ஒரு நாள் உணவுப்பங்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. அக்காலத்தில் கருவில் இருந்தவர்கள் வளர்ந்து, 19 வயதில் படைக்கான உடற்சோதனைக்கு வந்தனர். ஏறத்தாழ மூன்று லட்சம் இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1976ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளிவந்தது. கர்ப்பத்தின் முற்பாதியில் பஞ்சத்திற்கு ஆட்பட்டவர்களிடையே பருமன் மிகுந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்த முதல் மாதங்களிலும் ஆட்பட்டவர்களிடையே அது குறைந்திருந்தது. பசியின் அளவு மட்டுமன்று, அது வந்த காலமும் உடலின் வருங்காலத்தை அமைக்கிறது என்பது அதனால் விளங்கிற்று.

புனேயும் தில்லியும்

"அது வெள்ளைக்காரர் தேசத்துக் கதை, நமக்கு என்ன?" என்று கேட்கலாம். நம் நாட்டுச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. 1993ஆம் ஆண்டு புனே நகரத்து கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும் குழுவினரும், அருகிலுள்ள ஆறு கிராமங்களில் தாய்மாரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் ஈன்ற குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்புநோக்கப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்றுள்ளுறுப்புகளும் சிறியவை. ஆனால் தோலின் கீழுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே பருமன். இத்தகைய குழந்தையை "மெலிந்த பருமனுடைய குழந்தை" என்றே அவர்கள் அழைத்தனர்.

இவ்வாறு பிறந்த குழந்தை பின்னர் எப்படி வளர்கிறது என்பதைத் தில்லியிலே கண்டார்கள். 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்த குழந்தைகளின் உயரமும் எடையும் தொடர்ந்து குறிக்கப்பட்டு வந்தன. அவர்களுள் 1,492 பேர் 26 முதல் 32 வயதினராக இருந்தபோது அவர்களது இரத்தச் சர்க்கரை சோதிக்கப்பட்டது. முடிவு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன்பின் பன்னிரண்டு வயதுவரை தம் பழைய நிலையிலிருந்து எடை மேல்நோக்கி ஏறியவர்களுக்கே சர்க்கரைக் கோளாறு மிகுதியாக இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் பன்னிரண்டு வயதில் யார் கண்ணுக்கும் குண்டுப் பிள்ளைகளாகத் தோன்றவில்லை. "ஒட்டிக்கிடந்த பிள்ளை இப்போதுதான் தேறியிருக்கிறது" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கவும் கூடும்.

காரணம் யாது?

பஞ்ச காலத்தை எதிர்பார்த்து ஒருவன் வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அறைகளைச் சிறிதாக்கிப் பத்தாயத்தை மட்டும் விடாமற் காப்பான். கருவில் உணவு குறையும்போது சிசுவின் உடலும் அவ்வாறே செய்கிறது. மூளைக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குகிறது. தசையிலும் கணையத்திலும் சிறுநீரகத்திலும் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணுறுப்புகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிகின்றன. குறைந்துபோனால் பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் எண்ணிக்கை கூடாது. உண்ட சர்க்கரையைச் செலவிடும் இடம் தசை. தசை குறைந்த உடலில் சர்க்கரை இரத்தத்திலே தங்கும். எஞ்சியது கொழுப்பாகச் சேரும். பஞ்சத்திற்கென்று கட்டிய வீட்டில் திருவிழாச் சாமான்களை இறக்கினால் இடநெருக்கடி உண்டாகாமல் என்ன செய்யும்?

மற்றொரு வாயிலும் உண்டு. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் இரத்தச் சர்க்கரை மிகுந்தால், அச்சர்க்கரை தொப்புள்கொடி வழியே சிசுவுக்குச் செல்கிறது. சிசுவின் கணையம் மிகுதியாக இன்சுலின் சுரக்கிறது, கொழுப்புத் தங்குகிறது. இக்குழந்தைக்கும் பிற்காலத்தில் பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி. இதனைக் கண்டறியும் எளிய முறையை நம் நாட்டில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரங் கழித்து இரத்தத்தைச் சோதிப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிப்புத் தேவை. முதல் வருகையிலும், பின்னர் 24 முதல் 28 வாரத்திற்குள்ளும் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். ஆதலால் தட்டை நிறைப்பது என்பது சோற்றைக் குவிப்பதன்று, இனிப்பை வார்ப்பதுமன்று.

தாயின் தட்டில் வேண்டுவன

கருவுற்ற பெண்ணுக்கு நாள்தோறும் 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரு குவளைப் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு சிறு வாழைப்பழம் ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ இவ்வளவுதான். "இரண்டு உயிருக்கு உண்ண வேண்டும்" என்று இருமடங்கு சோறு தேவையில்லை. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களுக்கு இன்னும் மிகுதியாக, 600 கலோரி கூடுதலாக வேண்டும்.

புனே ஆராய்ச்சியில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பால், பச்சைக்கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் நல்ல வளர்ச்சியுடன் பிறந்தன. பின்னர் மும்பைக் குடிசைப் பகுதிகளில், கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்ந்த சிற்றுண்டி தந்து பார்த்தார்கள். அதனை உண்ட பெண்களிடையே கர்ப்ப கால நீரிழிவு கணிசமாகக் குறைந்திருந்தது என்று தெரியவந்தது. வேலியோரத்து முருங்கைக்கீரையும், ராகிக்களியும், கொள்ளும், முட்டையும், நெத்திலிக் கருவாடும் நமக்கு எட்டாத பொருள்கள் அல்ல. பி12 என்னும் ஊட்டச்சத்து கீரையிலும் தானியத்திலும் இல்லை; பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேதான் உண்டு. புனே கிராமங்களில், கர்ப்ப காலத்தில் இச்சத்துக் குறைந்து போலிக் அமிலம் மட்டும் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்திருந்தது. இதனால் மருத்துவமனை தரும் மாத்திரையை நிறுத்திவிடலாகாது. மாத்திரையோடு தயிரும் முட்டையும் சேர வேண்டும் என்பதே பொருள்.

தேயிலை மலையில் வாழ்வோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்க. சாப்பாட்டோடு குடிக்கும் கட்டன் சாயா, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது வீண்.

தொட்டிலில் அளவு

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் வீட்டுணவோடு இரண்டு வயது வரையிலும் தாய்ப்பால். சேனை தொட்டு வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவதும் வேண்டா. "டப்பாப் பால் குடித்தால்தான் குழந்தை கொழுக்கும்" என்பார்கள். அந்தக் கொழுப்பே ஐயத்திற்குரியது. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புரதம் மிகுந்த பால்மாவும் மற்றொன்றுக்குத் தாய்ப்பாலையொத்துப் புரதம் குறைந்த பால்மாவும் தந்தனர். ஆறு வயதில், புரதம் மிகுந்ததைக் குடித்தவர்களிடையே பருமன் இருமடங்கிற்கு மேல் இருந்தது.

சர்க்கரையைப் பற்றி ஒரு புதிய செய்தி. உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் சர்க்கரை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. 1953 செப்டம்பரில் அம்முறை நீங்கியதும் மக்கள் உண்ட சர்க்கரை ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதற்கு முன்னும் பின்னும் கருவாகிப் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் பங்கீட்டுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 பங்கும், இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 பங்கும் குறைந்திருந்தன. இரண்டு வயதுவரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்கலாகாது என்று நம் நாட்டு அறிஞர்களும் கூறுகின்றனர்.

ஆறு மாதங் கடந்த குழந்தைக்கு நீர்த்த கஞ்சி போதாது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத பதத்தில் மசித்த சோறும் பருப்பும், முட்டையும், ராகிக்கூழும், நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்த கஞ்சியும் ஏற்றவை. கேரளத்து அங்கன்வாடிகளில், குடும்பஸ்ரீ மகளிர் தயாரிக்கும் "அம்ருதம்" சத்துமாவு ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. கோதுமை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, சோயா ஆகியவற்றோடு சர்க்கரையும் அதில் முன்னமே உண்டு. வீட்டில் மேலும் இனிப்புச் சேர்க்க வேண்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. எடை குறைந்து பிறந்த குழந்தையைப் பட்டினி போடுமாறு எவரும் கூறவில்லை. முதல் இரண்டாண்டுகளில் அக்குழந்தை நன்றாக வளரவே வேண்டும். உயரமும் தசையும் கூட வேண்டும். மாதந்தோறும் எடையை மட்டுமன்றி நீளத்தையும் அளந்து வளர்ச்சி அட்டையிற் குறிக்கச் செய்ய வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொன்னபடியே ஊட்ட வேண்டும். அஞ்ச வேண்டியது, இரண்டு வயதுக்குப்பின் உயரம் ஏறாமல் எடை மட்டும் ஏறும் நிலையையே.

தாயை மட்டும் குறை கூறலாமா?

இவ்வளவையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர் ஒதுங்கிவிடக் கூடாது. தோட்டத்தில் குழந்தைக் காப்பகமும் பாலூட்ட இடைவேளையும் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு பேறுகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு அளித்தது. பேற்றிற்கு முன்னரே எட்டு வாரம் எடுத்துக்கொண்டால் பின்னர் எஞ்சுவது 18 வாரமே. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாது. ஜீப்பில் எல்லை கடந்து தினக்கூலிக்குச் செல்லும் பெண்கள் பலருக்கோ இவ்விடுப்பும் நடைமுறையில் எட்டுவதில்லை. அப்பெண் மூன்றாம் மாதமே வேலைக்குப் போனால், குழந்தைக்குப் புட்டிப்பால் வருவதில் வியப்பென்ன? தாய்ப்பாலைச் சுத்தமான பாத்திரத்திற் பிழிந்து மூடிவைத்தால், குளிர்ந்த மலைவீட்டில் நான்கு மணி நேரம் கெடாது. வீட்டிலுள்ள அத்தையோ பாட்டியோ அதனைப் பாலாடையில் ஊட்டலாம்.

வயிற்றுப்பாடு கைவிட்டுப் போனால் என்ன நேரும் என்பதைப் பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி நமக்குக் காட்டிற்று. அகளி, புதூர், ஷோளயூர் ஊராட்சிகளில் வாழும் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் நிலங்கள் பல கைமாறிப் போயின. ராகியும் சாமையும் விளைந்த பழைய பயிர்முறை சுருங்கிற்று. 2013ஆம் ஆண்டில் அங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மாண்ட செய்தி நாட்டை உலுக்கியது. அதன்பின் சமுதாயச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. 2017இல் சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டமும் தொடங்கிற்று. எடை குறைந்து பிறந்து பிழைத்த குழந்தைகளின் வருங்காலமே நாம் இதுவரை பேசிவந்தது. குழந்தை பிழைத்துவிட்டது என்று மகிழ்வதோடு நம் கடமை முடிவதில்லை.

இடம்பெயர்ந்து வாழும் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பெண் மூன்றாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ கருவுறுகிறாள். பேற்றிற்குத் தேனியிலோ பொள்ளாச்சியிலோ உள்ள தாய்வீடு செல்கிறாள். சில மாதங்களில் குழந்தையோடு திரும்புகிறாள். மூன்று இடத்திலும் மூன்று செவிலியர். அவளது தாய்சேய் அட்டை ஒன்றே அவர்களை இணைக்கும் கயிறு. துணிமணிகளோடு அதனையும் முதலில் எடுத்து வைக்க வேண்டும். வந்து சேர்ந்த வாரத்திலேயே அங்கன்வாடியிற் பெயர் பதிய வேண்டும். கணவன்மார் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்ளட்டும். சந்தையில் தமக்கென்று வாங்கும் பொருளிற் சிறிது குறைத்து, முட்டையும் கீரையும் வாங்கி வரட்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தைக் கர்ப்பிணிக்கேனும் விலக்கி, அவளை முதற் பந்தியில் அமர்த்தட்டும்.

இன்னும் ஒரு படி முன்னே செல்ல வேண்டும். இன்று பத்து வயதில் இருக்கும் மகளே நாளைய தாய். அவள் தட்டில் பாலும் முட்டையும் தம்பியின் தட்டுக்குக் குறையாமல் இருந்தால், பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு இன்றே ஊட்டியவர்களாவோம். எடை குறைந்து பிறந்து வளர்ந்துவிட்ட பெரியவர்களும் மனந்தளர வேண்டுவதில்லை. நாளும் நடப்பதும், இனிப்பைக் குறைப்பதும், ஆண்டுக்கொரு முறை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்குக் காப்பாகும். கருவில் அமைந்தது ஒரு சாய்வே. முடிந்துபோன தீர்ப்பு அன்று.

ஆகவே, அன்பர்களே, நம் நலம் விசாரிக்கும் முறையை மாற்றிக்கொள்வோம். பிள்ளை பெறப்போகும் பெண்ணைக் கண்டால், "நன்றாகச் சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்போம். பிள்ளை பெற்ற வீட்டிற்குச் சென்றால், கொழுகொழுப்பைக் கேளாமல், "தாய்ப்பால் குடிக்கிறதா? நீளமும் எடையும் அளந்தீர்களா?" என்று கேட்போம். செல்லும்போது கையிற் பிஸ்கட் பொட்டலத்திற்குப் பதிலாகத் தாய்க்கு நான்கு முட்டையும் ஒரு கட்டுக் கீரையும் கொண்டு செல்வோம். செலவு மிகுதியாகாது, பயனோ இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.